பல்லில் படியும் படலம்: வீட்டிலேயே எவ்வளவு சமாளிக்கலாம்?

பல் துலக்குவதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் எதைப் போட்டுத் துலக்குவது என்ற கேள்வியில்தான் போய் நிற்கும். அந்தக் கம்பெனி பேஸ்ட் நல்லதா இந்தக் கம்பெனி பேஸ்ட் நல்லதா, உப்பு சேர்க்கலாமா, கிராம்பு இருந்தால் தேவலையா, பல்பொடியை விட்டதால்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொத்தை வருகிறதா என்று ஒரு மணி நேரம்கூடப் பேசலாம். பிரஷ் எந்த இடத்தைத் தொடுகிறது, எந்த இடத்தை வருடக்கணக்கில் தொடாமலே விட்டுவிடுகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. பல்லில் படியும் படலத்தைப் பொறுத்தவரை விஷயம் முழுக்க அந்தக் கேட்காத கேள்வியில்தான் இருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அந்தப் படலம் என்ன, அது எப்படி வளர்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் கீழ்வரிசைப் பல்லின் உள்பக்கத்தை நாக்கு நுனியால் தடவிப் பாருங்கள். பல் வழவழவென்று இல்லாமல், மேலே எதையோ பூசிவிட்டது மாதிரி இருக்கும். பல் மருத்துவர்கள் பிளாக் என்று சொல்வது இதைத்தான், தமிழில் பற்படலம் என்று எழுதுகிறார்கள். பலரும் நினைப்பதுபோல இது சாப்பாட்டு மிச்சம் கிடையாது. நன்றாகத் துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் இருக்கும் புரதங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோலாகப் பல்லின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை, பல்லுக்குப் பாதுகாப்புதான். ஆனால் அந்தத் தோலைப் பிடித்துக்கொண்டு முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் வந்து உட்காருகின்றன, அவற்றின் மேல் வேறு வகைகள், அதற்கும் மேல் இன்னும் வேறு வகைகள் என்று அடுக்கடுக்காக ஏறி, தங்களைச் சுற்றி ஒரு பசையையும் தாங்களே உண்டாக்கிக்கொண்டு, ஓரிரு நாளில் பலமான குடியிருப்பாக ஆகிவிடுகின்றன. மனித வாயில் 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஒரு வேளைகூடச் சாப்பிடாமல் பட்டினி கிடந்தாலும் பல்லில் படலம் உருவாகத்தான் செய்யும், ஏனென்றால் எச்சிலே அவற்றுக்குப் போதுமான சாப்பாடு.

அந்தப் பசைதான் இதில் முக்கியம். தண்ணீர்த் தொட்டியின் சுவரில் பாசி பிடித்துவிட்டால் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் போகாது, பிரஷ் போட்டுத் தேய்க்கத்தான் வேண்டும். பல்லிலும் அதுதான் நடக்கிறது. இதைக் கிட்டத்தட்ட முந்நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்பே ஒருவர் தன் வாயிலேயே பார்த்துவிட்டார். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்துவந்த ஆன்டனி வான் லேவன்ஹுக், தான் செய்த லென்ஸின் வழியே தன் பல் இடுக்கில் இருந்த வெள்ளைப் பொருளைப் பார்த்து, அதில் சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளித் திரிவதாக 1683-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். தினமும் உப்புப் போட்டுப் பல் தேய்க்கிற மனிதர் அவர். அப்படியும் இடுக்கில் அது இருந்தது. அப்புறம் காடியால் வாய் கொப்பளித்தும் சோதித்தார். சுரண்டி எடுத்த அழுக்கோடு காடியைக் கலந்தால் அந்த உயிர்கள் செத்தன, வாயில் கொப்பளித்தபோதோ உள்ளே இருந்தவை உயிரோடுதான் இருந்தன. காடி மேலாக இருப்பவற்றை மட்டுமே கொல்கிறது, அழுக்கின் உள்ளே இறங்குவதில்லை என்ற முடிவுக்கு வந்தார். கிருமியைக் கொல்லும் திரவம் ஒன்றை வாயில் ஊற்றினால் போதும் என்று இன்றைக்கும் நினைக்கிறவர்களுக்கு அந்த ஒரு சோதனையே பதில்.

சரி, படலம் இருந்தால்தான் என்ன? 1960-கள் வரைக்கும் ஈறு நோய்க்கு வயது, சத்துக் குறைவு, உடம்புவாகு என்று பல காரணங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவருடைய கூட்டாளிகளும் 1965-ல் வெளியிட்ட ஆய்வு அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேர், அதில் பெரும்பாலானவர்கள் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். பத்திலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிச் சிவந்துவிட்டது, ஒருவர்கூடத் தப்பவில்லை. மறுபடியும் துலக்க ஆரம்பித்த ஒரு வாரம் பத்து நாளில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. இவ்வளவு எளிமையாக, இவ்வளவு தெளிவாக ஒரு காரணத்தையும் அதற்கான தீர்வையும் சேர்த்தே காட்டிய சோதனை மருத்துவத்தில் அபூர்வம் என்று நினைக்கிறேன்.

1973-ல் லோ வேறு கூட்டாளிகளோடு சேர்ந்து இன்னொன்றும் செய்து பார்த்தார். மாணவர்களைப் பிரித்து, ஒரு குழு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு குழு இரண்டு நாளைக்கு ஒரு முறை, மற்றவர்கள் மூன்று நாள், நான்கு நாளுக்கு ஒரு முறை பல்லை முழுக்க முழுக்கச் சுத்தம் செய்தார்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை செய்தவர்களுக்குக்கூட ஈறு கெடவில்லை, மூன்று நாளுக்குப் போனதும்தான் வீக்கம் வந்தது. இதைச் சொன்னால் இரண்டு நாளைக்கு ஒரு தரம் துலக்கினால் போதுமா என்று கேட்பார்கள். போதாது, ஏனென்றால் அந்த மாணவர்கள் செய்ததுபோல ஒரு புள்ளி விடாமல் சுத்தம் செய்ய நம்மில் பெரும்பாலோருக்கு வராது. ஆனால் எத்தனை முறை என்பதைவிட எவ்வளவு முழுமையாக என்பதுதான் ஈறைக் காப்பாற்றுகிறது என்று அந்த ஆய்வு சொல்கிறது. அவசர அவசரமாக மூன்று தடவை தேய்ப்பவரைவிட ஒரே தடவை பொறுமையாகத் தேய்ப்பவரின் ஈறு நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து சொல்லப்போகும் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. லோவின் குழு 1970-ல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, 1985 வரை திரும்பத் திரும்பப் போய் அதே ஆட்களைப் பார்த்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் யார் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரஷ் பேஸ்ட் என்ற பழக்கமே இல்லாத, பல் வைத்தியம் என்ற ஒன்று எட்டியே பார்க்காத மனிதர்கள் என்பதால்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். துலக்காமல் விட்டால் ஈறு நோய் இயல்பாக எப்படிப் போகும் என்பதற்கு உலகம் முழுக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் காட்டப்படும் கணக்கு அவர்களுடைய வாயிலிருந்து வந்தது. 2010-ல் மறுபடி தேடிப்போனபோது அவர்களில் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. அந்தத் தோட்டத்து மனிதர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

அவர்கள் எல்லோருடைய பல்லிலும் படலமும், அது கல்லாக இறுகிய காரையும் ஏராளமாக இருந்தன, எல்லோருக்கும் ஈறு வீக்கம் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் பல் விழவில்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு ஈறும் எலும்பும் வேகமாக அரிந்துகொண்டே போய் நடுவயதுக்குள் பல் பல்லாகப் போனது. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக அரித்தது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. எங்கள் தாத்தா பிரஷ்ஷையே தொட்டதில்லை, எண்பது வயதிலும் முறுக்கைக் கடித்துச் சாப்பிட்டார் என்று யாராவது சொல்லும்போது அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் அந்த 11 சதவீதத்தில் ஒருவர். அதே ஊரில் நாற்பது வயதில் பல் ஆடத் தொடங்கி, ஒன்றொன்றாகப் பிடுங்கி, ஐம்பதில் பொக்கை வாயாகிப்போன தாத்தாவைப் பற்றி யாரும் பெருமையாகச் சொல்வதில்லை, அதனால் அவர் நம் காதுக்கு வருவதில்லை. நாம் எந்தக் கூட்டத்தில் இருக்கிறோம் என்று இளமையில் தெரியாது. உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சீக்கிரமே பல் ஆடி விழுந்திருந்தால் நீங்கள் கூடுதலாகக் கவனமாக இருப்பது நல்லது.

இன்னொரு விஷயம், அவ்வளவு அழுக்கு இருந்தும் அந்தத் தொழிலாளர்களுக்குப் பல் சொத்தை கிட்டத்தட்ட இல்லவே இல்லை, விழுந்த பற்கள் எல்லாம் ஈறு நோயால் விழுந்தவைதான். படலம் மட்டும் இருந்தால் ஈறு கெடும், சொத்தை வருவதற்குப் படலத்தோடு சர்க்கரையும் சேர வேண்டும். படலத்தில் இருக்கும் சில பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அமில அளவைக் குறிக்கும் பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே அந்த அளவுக்கு இறங்கிவிடும், எச்சில் அதை மறுபடி சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். எனவே ஒரே மூச்சில் நான்கு மைசூர்பாகு தின்பதைவிட, காலை ஆறு மணிக்கு ஒரு காபி, எட்டு மணிக்கு ஒன்று, பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், மூன்று மணிக்கு மறுபடி டீ, நடுவில் ஒரு மிட்டாய் என்று நாள் முழுக்கச் சர்க்கரையைப் பல்லுக்கு ஊட்டிக்கொண்டே இருப்பது கெடுதல் அதிகம். எச்சில் சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த தவணை வந்துவிடுகிறது.

படலத்தை எடுக்காமல் விட்டால் அது அப்படியே இருந்துவிடாது. எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கி, சில நாட்களில் கல் மாதிரி இறுகிவிடும். அதுதான் பற்காரை. எச்சில் சுரப்பி திறக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் இது சீக்கிரம் படியும், அதனால்தான் கீழ் முன்பற்களின் உள்பக்கத்திலும் மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப் பக்கத்திலும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ தடித்து நிற்பதைப் பார்க்கலாம். இங்கே ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்ள வேண்டும். மெத்தென்று இருக்கும் படலம் நம் கையில் இருக்கிறது, வீட்டிலேயே முழுக்க எடுக்கலாம். இறுகிய காரை நம் கையில் இல்லை, எந்த பேஸ்ட்டும் எந்தக் கஷாயமும் அதைக் கரைக்காது. கரைக்கும் என்று வீடியோவில் யாராவது சொன்னால், காரையைக் கரைக்கிற அமிலம் எனாமலையும் கரைக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிரஷ்ஷுக்கு வருவோம். ஒரு தடவை துலக்கினால் சராசரியாகப் படலத்தில் எவ்வளவு போகிறது தெரியுமா? நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 42 சதவீதம் என்கிறது. பாதிக்கும் மேல் அங்கேயே இருக்கிறது. ஒரு நிமிடம் துலக்கினால் 27 சதவீதம்தான் போகிறது, இரண்டு நிமிடம் என்றால் 41. இன்னொரு தொகுப்பாய்வு, பேஸ்ட் போட்டுத் துலக்கினாலும் போடாமல் வெறும் பிரஷ்ஷால் துலக்கினாலும் படலம் போகும் அளவில் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. இதனால்தான் எதைப் போடுவது என்ற பட்டிமன்றத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நுரை வருவதும் வாய் ஜில்லென்று ஆவதும் சுத்தமாகிவிட்டது என்ற நினைப்பைத் தருகின்றன, அந்த நினைப்பு வந்ததும் கை நின்றுவிடுகிறது. பேஸ்ட்டை எதற்காகப் போட வேண்டும் என்பதற்கு வேறு காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

மிச்சம் இருக்கும் பாதி எங்கே இருக்கிறது? கண்ணாடியில் தெரிகிற முன்பல்லின் நடுப்பகுதியில் இல்லை, அங்கேதான் எல்லோரும் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறோம். அது இருப்பது ஈறும் பல்லும் சேருகிற விளிம்பில், நாக்குப் பக்கத்தில், கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்புறத்தில், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில். அமெரிக்காவின் டுலேன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சார்லஸ் பாஸ் என்பவர், பல் மருத்துவரே அல்ல, 1940-களில் இதைக் கவனித்து ஒரு முறையைச் சொன்னார். பிரஷ்ஷைப் பல்லுக்கு நேராக வைக்காமல் 45 டிகிரி சாய்த்து, நார்களின் நுனி ஈறு விளிம்பில் படும்படி வைத்து, அங்கேயே மெதுவாக, குட்டி குட்டியாக அசைக்க வேண்டும், பிறகு அடுத்த இரண்டு பல்லுக்கு நகர வேண்டும். இன்றும் பல் மருத்துவர்கள் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த முறையும் இதில் சிறு மாறுதல்களும்தான். கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்கு பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகப் பிடித்தால்தான் நார் உள்ளே இறங்கும். கடைசிப் பல்லுக்கு வாயைப் பெரிதாகத் திறக்காமல் பாதி மூடிக்கொண்டால் கன்னம் தளர்ந்து பிரஷ்ஷுக்கு இடம் கிடைக்கும், இதைச் செய்து பார்த்தால் உடனே தெரியும்.

எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே வரிசையில் போங்கள், நாக்குப் பக்கத்திலிருந்து தொடங்கினால் இன்னும் நல்லது, பொறுமை இருக்கும்போதே கஷ்டமான இடம் முடிந்துவிடும். சாஃப்ட் பிரஷ்தான் வாங்க வேண்டும். ஹார்ட் பிரஷ்ஷை வைத்துக் குறுக்கே அறுப்பதுபோல வருடக்கணக்கில் தேய்த்தவர்களின் பல்லில், ஈறுக்குப் பக்கத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும், அப்புறம் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். பலமாகத் தேய்ப்பதால் கூடுதலாக எதுவும் போய்விடாது. நார் விரிந்துபோன பிரஷ்ஷை மாற்றிவிடுங்கள், சாதாரணமாக மூன்று மாதம் தாங்கும். எந்த இடம் விட்டுப்போகிறது என்று கண்ணால் பார்க்க ஆசை இருந்தால், துலக்கிய பிறகு சிவப்பு ஃபுட் கலரை ஒரு துளி தண்ணீரில் கலந்து வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, ஒரு தரம் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். சிவப்பு ஒட்டியிருக்கும் இடமெல்லாம் படலம். சட்டையில் பட்டால் போகாது, உதடும் கொஞ்ச நேரம் சிவந்திருக்கும், அதனால் விடுமுறை நாளில் செய்யுங்கள். வீட்டில் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் இருந்தால் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மின்சார பிரஷ் வாங்கலாமா என்றால், வாங்க முடிந்தால் வாங்கலாம். சாதாரண பிரஷ்ஷோடு ஒப்பிட்டால் சில மாதங்களில் படலம் 11-லிருந்து 21 சதவீதம் வரை கூடுதலாகக் குறைவதாக மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு சொல்கிறது. கை நடுக்கம் உள்ள பெரியவர்களுக்கும், விரல் மடங்காத மூட்டுவலிக்காரர்களுக்கும் அது உண்மையிலேயே உதவி. கட்டாயம் என்று சொல்ல மாட்டேன்.

பல் இடுக்குதான் நம் ஊரில் முழுக்கக் கைவிடப்பட்ட இடம். பிரஷ் நார் அங்கே போகாது, எவ்வளவு நல்ல பிரஷ்ஷாக இருந்தாலும் போகாது. ஈறு நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. இடுக்கு நெருக்கமாக இருப்பவர்களுக்கு ஃப்ளாஸ் நூல், கொஞ்சம் இடைவெளி விழுந்தவர்களுக்கு இடுக்கு பிரஷ், அதாவது மெல்லிய கம்பியைச் சுற்றி நார் வைத்த குட்டி பிரஷ். இரண்டும் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. இடம் இருக்கிறது என்றால் இடுக்கு பிரஷ்தான் என் தேர்வு, பிடிக்கவும் எளிது, வேலையும் நன்றாகச் செய்கிறது. நூல் என்றால் சும்மா உள்ளே விட்டு இழுத்தால் போதாது, பல்லின் பக்கவாட்டை அணைத்தபடி ஈறுக்குள் சற்று இறக்கி மேலும் கீழும் துடைக்க வேண்டும். ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி வேண்டவே வேண்டாம். ஈறைக் குத்திக் கிழிப்பதைத் தவிர அவற்றால் பயன் இல்லை.

முதல் நாள் இப்படிச் செய்யும்போது இரத்தம் வரலாம். இந்த இடத்தில்தான் மிகப் பெரிய தவறான முடிவு எடுக்கப்படுகிறது. இரத்தம் வந்ததும் அங்கே பிரஷ் படக்கூடாது போலிருக்கிறது என்று பயந்து அந்தப் பக்கத்தையே விட்டுவிடுகிறார்கள். விட்டால் படலம் கூடும், கூடினால் வீக்கம் கூடும், தொட்டாலே இரத்தம் வரும், இன்னும் பயந்து இன்னும் விடுவார்கள். மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஆர்ஹுஸில் அந்த 12 பேரின் ஈறு தேறியதை நினைவில் வையுங்கள். இரத்தம் வருகிற இடம்தான் சாஃப்ட் பிரஷ்ஷால் நிதானமாகத் தினமும் தேய்க்க வேண்டிய இடம். ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தம் நின்றுவிட்டால் அது வெறும் படலத்தால் வந்த வீக்கம், நீங்களே சரிசெய்துவிட்டீர்கள். அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தால் உள்ளே காரை இருக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம், பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: புகை ஈறின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் இருந்தாலும் இரத்தம் வராமல் இருக்கும், இரத்தம் வரவில்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

வேப்பங்குச்சி, ஆலங்குச்சி பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். குச்சியை மென்று நாராக்கித் தேய்ப்பது நல்ல முறைதான், தேய்த்தல் என்ற அடிப்படை அதில் சரியாக இருக்கிறது. குறை என்னவென்றால் அந்த நார் கடைவாய்ப்பல்லின் உள்பக்கத்துக்கும் இடுக்குக்கும் போய்ச் சேருவது கஷ்டம். கரித்தூள், சாம்பல், செங்கல் பொடி, சிவப்பு மண் கலந்த பல்பொடி ஆகியவை படலத்தையும் எடுக்கும், எனாமலையும் தேய்க்கும். புகையிலை கலந்த பல்பொடியை இந்தியாவில் 1992-லேயே தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் புகையிலைத் தூளால் பல் தேய்க்கும் பழக்கம் விடாதவர்கள் இருக்கிறார்கள். அது பல் பிரச்சினையோடு நிற்காது, வாய்ப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பல் மருத்துவர்கள் 2009-ல் 20 வளரிளம் பையன்களை வைத்துப் பத்து நாள் சோதித்ததில், எண்ணெய் கொப்பளித்தவர்களுக்கும் குளோரெக்சிடின் மருந்தில் கொப்பளித்தவர்களுக்கும் படலமும் ஈறு வீக்கமும் குறைந்தன. நல்ல செய்திதான், ஆனால் 20 பேர், பத்து நாள் என்பது மிகச் சிறிய சோதனை. அவர்கள் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு அதைச் செய்யவும் இல்லை. எனவே பிடித்தவர்கள் துலக்குவதோடு கூடச் செய்யலாம், துலக்குவதற்குப் பதிலாகச் செய்யக்கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம், எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலில் அழற்சி வரும். எலுமிச்சைச் சாறும் சோடா உப்பும் கலந்து தேய்த்தால் காரை போய்விடும் என்கிற வீடியோக்களைத்தான் நான் மிகவும் வெறுக்கிறேன். சோடா உப்பு பாவம், அது பல்லை அதிகம் தேய்க்காத மென்மையான பொருள். எலுமிச்சைதான் ஆபத்து, அதன் பிஎச் 2-க்குப் பக்கத்தில் இருக்கிறது, எனாமல் கரைவதற்கு 5.5 போதும் என்று மேலே சொன்னேன். ஆன்லைனில் கொக்கிக் கருவி வாங்கி வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று காரையைச் சுரண்டுவதும் அதே அளவு ஆபத்து. ஈறு கிழியும், வேரில் கீறல் விழும், மேலே தெரிகிற காரை மட்டும் உடைந்து ஈறுக்குள் இருப்பது அப்படியே இருக்கும்.

மவுத்வாஷில் உண்மையிலேயே சக்தி உள்ளது குளோரெக்சிடின்தான். அதே ஹரால்ட் லோ 1970-ல், துலக்காதவர்கள்கூட 0.2 சதவீத குளோரெக்சிடினால் தினமும் இரண்டு முறை கொப்பளித்தால் புதுப் படலம் உருவாவதில்லை என்று காட்டினார். ஆனால் சுத்தமான பல்லில் புதிதாக வராமல் தடுக்கத்தான் அது நல்லது, ஏற்கெனவே தடித்துப்போன படலத்துக்குள் அதுவும் இறங்காது. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, பல் பிடுங்கிய பிறகோ டாக்டர் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன நாள் வரைக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் குறைப்பதால் துலக்கி அரை மணி நேரம் விட்டுக் கொப்பளிப்பது நல்லது.

பேஸ்ட் எதற்கு என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா, அது ஃப்ளோரைடுக்காக. கரைந்த எனாமலில் தாது மறுபடி படிய ஃப்ளோரைடு உதவுகிறது, அப்படிப் படிந்த இடம் அமிலத்தை முன்பைவிட அதிகம் தாங்குகிறது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், சுமார் 1000 பிபிஎம் ஃப்ளோரைடு என்று போட்டிருந்தால் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. மூலிகை என்று எழுதியிருக்கும் பல பேஸ்ட்டுகளில் அது இருக்காது. துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், மூன்று நான்கு தரம் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் ஃப்ளோரைடு பெரும்பாலும் போய்விடும். மூன்று வயதுக்குக் கீழே ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதும், விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ் நீளத்துக்கும் பிழிய வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுதி, பிள்ளைகளின் பல்லில் பழுப்புத் திட்டுகள் வருவதற்கும் அதுதான் காரணம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். அங்கே இன்னும் போர்வெல் தண்ணீர் குடிக்கும் குழந்தைகள் பேஸ்ட்டை விழுங்காமல் பார்த்துக்கொள்வதும், எந்த பேஸ்ட் என்று பல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

எப்போது துலக்குவது என்றால், ஒரே ஒரு நேரம்தான் முடியும் என்பவர்கள் இரவைத் தேர்ந்தெடுங்கள். நம்மில் பலர் காலையில் மட்டும்தான் துலக்குகிறோம், அதுவும் காபிக்கு முன்னால் அவசரமாக. தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைகிறது, அமிலத்தைச் சரிக்கட்ட ஆள் இல்லை. இரவில் பால் குடித்துவிட்டு அப்படியே தூங்கும் குழந்தைகளின் மேல் முன்பற்கள் கறுத்துப்போவது இதனால்தான்.

இனி காரை விஷயம். அதை எடுக்க ஸ்கேலிங், அதாவது பல் மருத்துவர் கருவியால் காரையை அகற்றுவது, செய்யத்தான் வேண்டும். ஸ்கேலிங் செய்தால் எனாமல் போய்விடும், பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயம் நம் ஊரில் பலமாக இருக்கிறது, அது முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் செய்த பிறகு சிலருக்கு அப்படித்தான் தோன்றும். இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தது காரை, அது போனதும் ஏற்கெனவே இருந்த இடைவெளி தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வற்றியதும் பல் நீளமாகத் தெரிகிறது, மூடியிருந்த வேர்ப்பகுதி வெளியே வந்து சில நாள் கூசுகிறது. எலும்பு முன்பே கரைந்துபோன பல்லைக் காரைதான் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது, எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. எலும்பைக் கரைத்தது கருவி அல்ல, அந்தக் காரையின் மேல் இருந்த படலம். பயந்து தள்ளிப்போட்டால் அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் எலும்பு போயிருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்சம் படலத்துக்கே ஈறு அதிகமாக வீங்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள், கர்ப்ப காலத்தில் பல் சுத்தம் செய்வது பாதுகாப்பானது, நடு மூன்று மாதங்கள் வசதியான காலம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி: சர்க்கரை கூடினால் ஈறு நோய் வேகமாகப் போகும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகும். ஈறு சிகிச்சைக்குப் பிறகு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சுமார் 0.4 புள்ளி குறைவதாக 2022-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. மாத்திரையைக் கூட்டியும் சர்க்கரை இறங்காமல் இருக்கிற, ஈறு வீங்கியிருக்கிற ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் சர்க்கரை டாக்டரிடம் அந்த ஈறைப் பற்றியும் சொல்லுங்கள், பல் மருத்துவரிடம் போகும்போது கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.